ஒரு திலாப்பியாவுக்குச் சாட்சி

பிடித்த மீனை மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவேன் என்று சொன்ன நாளிலிருந்து, கிள்ளானில் என் மாமனார் வீட்டில் எனக்கு மரியாதை போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. நான் மீனே பிடித்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். "விடுறதுக்கு எதுக்கு மாப்பிள்ள பிடிக்கிறீங்க?" என்பார் மாமனார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமியார் மட்டும் சிரிக்காமல், குழம்புக்குப் புளி ஊறவைக்கட்டுமா என்று கேட்பார். அதுதான் அதிகம் வலிக்கும்.

நான் புழு மாட்டித் தூண்டில் போடுகிற ஆள் இல்லை. நூலும் இறகும் கட்டிச் செய்த போலிப் பூச்சியைச் சாட்டைபோல் வீசி, தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். வெள்ளைக்காரன் மலை ஓடையில் டிரௌட் மீனுக்குச் செய்கிற வித்தை. வீடியோவில் அவன் தெளிந்த நீரில் நிற்பான். நான் பூச்சோங்கில் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஓரம், முதுகுக்குப் பின்னால் ஹைவே இரைய, காலடியில் பிளாஸ்டிக் பை மிதக்க நிற்பேன். டிரௌட்டுக்குப் பதில் திலாப்பியா. தொப்பி மட்டும் அதே தொப்பி.

அன்று மனைவியைச் சாட்சிக்கு அழைத்துப் போனேன். காரில் முறுக்கு தின்றபடி என் போலி ஈசலை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது என் கல்யாணப் புடவை நூலுதானே?"

"ஓரத்துல பிரிஞ்சு கெடந்துச்சும்மா."

மத்தியான மழை விட்டதும், நான் எதிர்பார்த்தபடியே ஈசல் கிளம்பியது. கூட்டம் கூட்டமாகக் குட்டையில் விழுந்தது. மீன்கள் பொளக் பொளக்கென்று வாயைத் திறந்தன. இத்தனை அசல் ஈசல் கிடக்கையில் பட்டுநூல் ஈசலை எந்த முட்டாள் மீன் தின்னும் என்று எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை. முதல் வீச்சு லாலாங் புல்லில் சிக்கியது. அடுத்தது என் தொப்பியில். இருட்டும் நேரத்தில் ஒரு முட்டாள் மீன் கிடைத்தது.

"மீன்! சீக்கிரம் வா, போட்டோ எடு!"

இறங்கி ஓடிவந்தவள் போனில் டார்ச்சைப் போட்டாள். குட்டையில் இருந்த ஈசலெல்லாம் அவள் முகத்துக்கு வந்துவிட்டன. ஈசல் வந்தால் விளக்கை அணைப்பதுதான் எங்கள் வீடுகளில் முதல் வேலை. அவளும் அணைத்தாள். கண்ணை இறுக மூடி, துப்பட்டாவைத் தலையில் போர்த்திக்கொண்டு காருக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

என் கையில் ஒரு சாண் திலாப்பியா வாயைத் திறந்து திறந்து மூடியது. பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தால் என் மானம் அன்றே திரும்பியிருக்கும். ஆனால் இத்தனை நாள் பேசிய பேச்சு என்ன ஆவது? எரிச்சலோடுதான் விட்டேன்.

"பாத்தியா?" என்றேன் காரில்.

"ஈசலத்தாங்க பாத்தேன்." போனில் விழுந்திருந்த ஒரே படத்திலும் ஈசல்தான்.

கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே மாமனார் ஆரம்பித்தார். "என்ன மாப்பிள்ள, இன்னிக்கும் விட்டாச்சா?"

நான் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "பிடிச்சாருப்பா. நான் என் கண்ணால பாத்தேன் லா. இவ்ளோ பெருசு." கையை முழ நீளத்துக்கு விரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. "அவ்ளோ பெருசையா விட்டீங்க?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். என் ஒரு சாண் மீனை ஒருநாளும் நம்பாத மனிதர், நான் பிடிக்காத மீனை உடனே நம்பிவிட்டார்.

அவள் தலைமுடியில் ஒரு ஈசல் சிறகு ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.