இருபத்தோராவது தட்டு

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்கள் சாய்ராவிடம் இரண்டாம் முறை திருத்தம் சொல்ல மாட்டார்கள். அவள் அண்ணன் வஹாப் கடையில் இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள்.

"உன் தங்கச்சி கிட்ட நீயே சொல்லிடு பாய். மாமா பேரை மேல ஏத்தச் சொன்னதுக்கு அன்னிக்கு ஒரு பார்வை பாத்துது, எனக்கு நாஷ்டா எறங்கலை."

வஹாப் சிரிப்பான். உத்திரமேரூர் பஜாரில் அவளைப் பற்றி இப்படிப் பேசிச் சிரிப்பது பழக்கமாகிவிட்டது. கோபம் எதனால் என்று யாரும் கேட்டதில்லை. சிலருக்கு ஜலதோஷம் விடாமல் இருப்பதுபோல அவளுக்குக் கோபம் என்று வைத்துக்கொண்டார்கள்.

கடை அவர்களுடைய அத்தா மீரான் மைதீன் ஆரம்பித்தது. பத்திரிகை, பில் புத்தகம், ஜெராக்ஸ். அத்தா இறந்த பிறகு வஹாப் கல்லாவில் உட்கார்ந்தான். டைப் அடிப்பது, பிழை பார்ப்பது, அட்டை வெட்டுவது, மடிப்புக்கோடு போடுவது எல்லாம் சாய்ரா. சம்பளம் கிடையாது. சொந்தத் தங்கச்சிக்கு எவனாவது சம்பளம் தருவானா என்று வஹாப் கேட்பான். வீட்டு மாடியில், பழைய காகிதக் கட்டுகள் கிடந்த அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

இருபத்து மூன்று வயதில் அவளை வந்தவாசியில் கொடுத்தார்கள். எட்டாவது மாதம் கணவன் சார்ஜாவுக்குப் போனான். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது அவனைக் கண்ணாடிக் கதவுவரைதான் பார்க்க முடிந்தது. திரும்பும்போது திரிசூலம் ஸ்டேஷனில் அத்தாவோடு மின்சார ரயிலுக்கு நின்றாள். எதிரே ஒரு விமானம் ஏறியது. அதன் வயிற்றுக்கடியில் சக்கரங்கள் மடங்கி உள்ளே போயின. கதவுகள் மூடின. வயிறு வழவழவென்று ஆகிவிட்டது.

"அத்தா, எறங்கறப்போ கதவு மொதல்ல தொறக்குமா, சக்கரம் மொதல்ல வருமா?"

"ரயில் வருது பார். ஏறு."

கணவன் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று தெரிந்தது. ஜமாஅத்தில் பேசி உறவை முடித்துவிட்டார்கள். சாய்ரா அழவில்லை என்பதை ஊர் ஒரு குறையாகச் சொன்னது. புருஷனை விட்டுவந்தவள் அழாவிட்டால் தப்பு அவள் பக்கம் என்பது பஜாரின் கணக்கு.

விமானம் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பல வருஷங்கள் கழித்து. பத்திரிகை அட்டைக் கம்பெனிகள் ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கும் புது மாதிரி ஆல்பம் அனுப்பும். பழையதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நல்ல கெட்டி அட்டை. அதை அவள் மாடிக்குக் கொண்டுபோனாள். முதலில் ஊதினால் சுற்றும் விசிறிகள் செய்தாள். பிறகு வால். பிறகு மேலும் கீழும் அசையும் பலகைகள் கொண்ட இறக்கை. காகிதமும் பசையும் மட்டும்தான். கம்பி இல்லை, குண்டூசி இல்லை, நூல் இல்லை. கீல் வேண்டுமென்றால் அட்டையை நார் ஓடும் திசையில் வெட்டி அதிலேயே மடிக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் பத்து முறை ஆட்டியதும் வெடித்துவிடும். பத்திரிகை மடித்து மடித்து அவள் விரலுக்கு அது தெரியும்.

மழைக்காலத்தில் வேலை நடக்காது. ஏரி நிரம்பினால் அறைக்குள் ஈரம் ஏறும். காகிதம் ஊதிக் கீல்கள் இறுகிவிடும். ஐப்பசி வந்ததும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிவிடுவாள். தை பிறந்த பிறகு பிரிப்பாள். அப்படி இரண்டு மழைக்காலம் தாண்டி வந்தது அந்தப் பெரிய விமானம். இறக்கை நுனிக்கு நுனி ஒரு முழம் இருக்கும். வயிற்றில் ஒரு காகிதத் திருகு. அதைத் திருப்பினால் முதலில் கதவுகள் திறக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சக்கரக் கால்கள் இறங்கி நிமிர்ந்து நிற்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கால்கள் மடங்கி உள்ளே போகும், அதன் பின்னால் கதவு மூடும். இந்த வரிசைதான் அவளை வதைத்தது. பல தடவை சக்கரம் முந்திக்கொண்டு கதவைக் கிழித்தது. போன வாரம்தான் சரியாக வந்தது. அன்று முழுக்கத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. அதாவது, விமானத்தைப் பார்த்திருக்கிறார்கள். திருகைத் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்.

"பறக்குமா?"

"பறக்காது. உங்க வூட்டு பீரோ பறக்குதா?"

அதன் பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

வஹாபின் மகள் ஷாஹிஸ்தாவுக்குச் செய்யாற்றில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் அஸ்லம். துபாய் ஏர்போர்ட்டில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, பெண் வீட்டிலேயே நிச்சயம். அன்று காலையிலும் சாய்ராவைக் கடைக்கு அனுப்பினார்கள். யாருக்கோ அவசரமாகப் பத்திரிகை வேண்டியிருந்தது. அவள் வேலையை முடித்து ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. லட்டு, பேரீச்சை, பாதாம், சேலை, வளையல். எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது.

வரிசையின் கடைசித் தட்டில் அவளுடைய விமானம்.

இறக்கைகளின் மேல் ரோஜா. வாலில் விசிறிபோல் மடித்த ரூபாய் நோட்டுகள். ஜன்னல் வரிசையில் பாதாம் பருப்புகள். சுற்றிலும் பேரீச்சம்பழம். எல்லாம் சூடாக உருக்கி ஊற்றிய கம் பசையால் ஒட்டியிருந்தது.

தட்டு அலங்காரத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஜெனிஃபர் என்ற பெண் கம் துப்பாக்கியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க செஞ்சதாமே? செம்மயா கீது. ஆனா ரெக்கைல ஒரு பலகை ஆடிக்கினே இருந்துச்சு. சக்கரம் வேற லொடலொடன்னு. வேன்ல போறப்போ கழண்டுக்கும்னு எல்லாத்தையும் கம் வச்சு டைட் பண்ணிட்டேன். இனிமே ஒன்னும் ஆடாது."

அவள் பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். சாய்ரா அவளைத் திட்டவில்லை. அவளுக்குச் சொன்ன வேலையை அவள் செய்திருக்கிறாள். சாய்ரா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி!"

அமீனா பீவி புதுச் சேலையின் தலைப்பை இழுத்துவிட்டபடி வந்தாள். "எடுப்பா கீதுல்ல? இருபது தட்டுதான் சேந்துது. ரெட்டைப்படைல அனுப்புனா அவங்க வூட்டுப் பொம்பளைங்க வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை ஏர்போர்ட்டாச்சே, பொருத்தமா இருக்கும்னு எடுத்து வச்சேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

அதில் அமீனா பீவிக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த வஹாப் சத்தம் கேட்டு உள்ளே வந்தான்.

"இன்னா இங்க கலாட்டா? ஆளுங்க வர்ற நேரம்."

"அண்ணே, அதை எடுக்கச் சொல்லு."

"எதை?" தட்டைப் பார்த்தான். "சாய்ரா, காகிதம்தானே. மறுபடி செஞ்சிக்கோ. அட்டை நான் தரேன்."

"ரெண்டு வருசம் ஆச்சு."

"ரெண்டு வருசம் இதைச் செஞ்சியா? அத வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

அவளுக்கு அந்தத் தட்டை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் என்றிருந்தது. அப்போது உள்ளறை வாசலில் ஷாஹிஸ்தா வந்து நின்றாள். மருதாணி போட்ட கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு ஐந்து வயதுவரை சோறூட்டியது அவள் குப்பி என்று கூப்பிடும் அத்தை சாய்ராதான்.

"குப்பி, இன்னிக்கு ஒரு நாள் உட்டுடு. எனக்காக."

சாய்ரா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் துவா ஓதினார். பேச்சு முடிந்து சாப்பாடு நடந்தது. சாய்ரா தண்ணீர் வைத்தாள், கறி வைத்தாள்.  பொழுது சாயும்போது தட்டுகள் செய்யாற்றில் இருக்கும் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. ஒரு வாரத்தில் பாதாமை உரித்துத் தின்றுவிட்டு விமானத்தை எங்கே போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பழைய ஆல்பங்கள் எங்கே போகின்றன என்று தெரிந்தவள்தானே.

சாப்பிட்ட பெண்கள் தட்டுகளைச் சுற்றிக் கூடினார்கள்.

"அய்ய, ப்ளேனு! இது பறக்குமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க நாத்தனார் செஞ்சது. பறக்காது, சும்மா ஷோவுக்கு," என்றாள் அமீனா பீவி.

"அஸ்லம், இங்க வாடா. உன் ப்ளேன் வந்துக்கினு கீது!"

அஸ்லம் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான். "லீவுல வந்தும் இதானாம்மா? பெட்டி தூக்கித் தூக்கி முதுகே போச்சு. ஒரு ஒட்டகம் செஞ்சி வச்சிருக்கக் கூடாதா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவனுடைய பெரியம்மா குனிந்து, "உள்ள இன்னா வச்சிருக்காங்க, சாக்லேட்டா?" என்று கண்ணாடித்தாளோடு சேர்த்து விமானத்தின் வயிற்றை அமுக்கினாள். அட்டை உள்வாங்கும் சத்தம் கேட்டது. பொக்.

சாய்ரா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். ஜெனிஃபர் விட்டுப் போயிருந்த கத்தரிக்கோல் ஜன்னல் மேடையில் கிடந்தது. அதை எடுத்து ரிப்பனை வெட்டினாள். கண்ணாடித்தாளைக் கிழித்தாள். பேரீச்சம்பழங்கள் பாயில் உருண்டன. பெண்கள் விலகினார்கள்.

"ஏய் சாய்ரா! வைடி கீழ!" வஹாப் கத்தினான்.

சக்கரங்கள் தட்டோடு ஒட்டியிருந்தன. அவள் ஒரு கையால் தட்டை அழுத்திக்கொண்டு மறுகையால் விமானத்தைத் தூக்கினாள். வலக்கால் பிய்ந்து வந்தது. இடக்கால் வரவில்லை. இடச் சக்கரம் தட்டிலேயே நின்றது.

"இது இன்னா பழக்கம்?" மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றாள். "குடுத்ததைத் திருப்பி எடுக்கறது?"

"நான் குடுக்கலைம்மா. குடுத்தவங்களைக் கேளுங்க."

"மானத்தை வாங்கிட்டாளே," என்றாள் அமீனா பீவி. சாய்ரா படியேறினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு பாதாம் விழுந்தது.

மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நிச்சயம் முறிந்துவிட்டது என்று யாராவது அலறுவார்கள் என்று எதிர்பார்த்தாள். முதலில் பெரிய சத்தம். பிறகு தணிந்த குரல்கள். பிறகு யாரோ ஒரு ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். வேன் கிளம்பியது.

நடந்ததை ஷாஹிஸ்தா மேலே வந்து சொன்னாள். அவளுடைய அத்தா வஹாப் தெருமுனைக் கடைக்கு ஆளை விரட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரச் செய்தாராம். சக்கரத்தைத் தட்டிலிருந்து பெயர்க்க முடியவில்லையாம். அதன் மேலேயே பழத்தை வைத்து, புதுக் கண்ணாடித்தாள் சுற்றி அனுப்பிவிட்டார்களாம். தட்டு இருபத்தொன்று ஆகிவிட்டது. அவர்களும் எண்ணிப் பார்த்துச் சிரித்த முகமாகத்தான் போனார்களாம்.

"உன் மேல கோவமா இருந்தேன் குப்பி. இப்போ இல்ல," என்றாள்.

"எனக்குக் கீது," என்றாள் சாய்ரா.

மறுநாள் விடிந்ததும் விமானத்தை மேசையில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கம் தண்ணீரில் கரையாது. சூடு காட்டினால் அட்டை சுருண்டுவிடும். பிளேடால் சுரண்டினால் கம்மோடு காகிதமும் உரிந்து வந்தது. ஒரு பலகையை விடுவிக்க முயன்றாள். கீல் அறுந்தது. இன்னொன்றைத் தொடவில்லை. திருகைத் திருப்பினாள். அசையவில்லை.

கடைக்குப் போனாள். வஹாப் கல்லாவில் இருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கறேன். அந்த வாழைப்பழத்தை மொதல்லயே வாங்கியிருக்கலாம்ல?"

திட்டுவதற்கு வாயைத் திறந்த வஹாப் நிறுத்தினான். உண்மையிலேயே யோசித்தான். நெற்றியைச் சொறிந்தான்.

"வாங்கியிருக்கலாம். அப்போ தோணலை."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தாக்கியது. அவளை அவமானப்படுத்த வேண்டும் என்றோ, பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும் என்றோ இருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். ஒரு தட்டு குறைந்தது. ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்த பொருள்களில் யாருக்கும் சொந்தமில்லாததாக அவர்கள் கண்ணுக்குப் பட்டதை எடுத்து வைத்தார்கள். அவ்வளவுதான்.

"உட்டுத் தள்ளு," என்றான் வஹாப். "ஒரு பார்ட்டி வந்திடுவான், அவன் பத்திரிகையை அடிச்சிடு."

"நீயே அடி."

"இன்னாது?"

"நீயே அடி. கத்தி மெஷின்ல கையை மட்டும் பாத்து வை."

பஜாரில் நேராக நடந்து இரும்புக்கடைக்குப் போனாள். தாழ்ப்பாள் ஒன்று, நல்ல கனமான பூட்டு ஒன்று, திருகாணிகள், ஒரு ஸ்க்ரூ டிரைவர். வீட்டுக்கு வந்து மாடியறைக் கதவில் வெளிப்பக்கம் பொருத்த ஆரம்பித்தாள். பழைய தேக்கு. திருகாணி ஏறவில்லை. உள்ளங்கை சிவந்தது. நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு அமீனா பீவி படியில் பாதிவரை வந்தாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு முதல் பேச்சு.

"இன்னா பண்ணிக்கினு கீற? நம்ம வூட்டுல யாரு திருடப் போறாங்க? யாருக்கு இந்தப் பூட்டு?"

சாய்ரா திரும்பாமல் கடைசித் திருகாணியை அழுத்தினாள்.

"உங்களுக்குத்தான் அண்ணி."