சபையில் அக்கா சொன்ன உண்மை

எங்கள் ஊருக்குச் செல்போன் வந்த புதிது. நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்படி ஒரு வரன் வந்ததில் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

எனக்கு மட்டும் எதிர்வீட்டில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. மூட்டுக்குள் கசிந்து கசிந்து முழங்கால் வீங்கி, அப்போது கல்லூரிக்கே நொண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். பிறவி நோய், அதுவும் அம்மா வழியில் வருவது என்று தெரிந்தால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்று மாமா பயந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கிரிக்கெட் பார்க்கலாம் என்று நானும் சந்தோஷமாகவே போனேன்.

காபி கொடுத்து முடித்த அக்கா உள்ளே போகவில்லை. வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் நொண்டிக்கொண்டே வந்து கூடத்தில் நின்றதும் மாமாவுக்கு முகம் செத்துவிட்டது.

"இவன் என் தம்பிங்க. இவனுக்கு ரத்தம் உறையாது. அந்த மரபணு எங்கிட்டயும் இருக்கு, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். எனக்குப் பையன் பிறந்தா அவனுக்கும் வரலாம், வராமலும் போகலாம்" என்றாள்.

மருந்தே இல்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். பயோடெக்னாலஜி படித்தவளாயிற்றே, பாடமே நடத்திவிட்டாள். இப்போதைக்கு ஊசிதான், பழுதான மரபணுவின் வேலையைச் செய்ய நல்லதொன்றை உடம்புக்குள் செலுத்த ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் எப்போது வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். ஒப்புக்குக்கூட நம்பிக்கை கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையசைத்தார். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கிளம்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த அம்மா என் அம்மாவிடம், "இலை போடச் சொல்லுங்க. தம்பி என் பக்கத்துல உக்காரட்டும்" என்றார். அம்மா அழுதேவிட்டாள். எனக்கோ அக்காவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

இன்று எங்கள் நோய்க்கு மரபணு சிகிச்சை நிஜமாகவே வந்துவிட்டது. என் போன்றவர்களுக்கு இன்னும் எட்டாத விலை. செய்தியைப் படித்ததும் சிங்கப்பூருக்குப் போன் போட்டால், அக்கா எனக்கு முன்பே எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். அது என்றாவது எனக்கும் கிடைக்கலாம். ஆனால் தன் கல்யாணத்தையே பணயம் வைத்து அவள் என்னைத் தம்பி என்று சொன்ன நாளிலிருந்து, எந்தச் சபையிலும் நான் ஒளிந்து நின்றதில்லை.