மாடியறைக்கு வந்த தலைவர்

தேனி அல்லிநகரத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் 2003-இல் அந்த அறையைத் திறந்தவள் வக்கீல் மெஹராஜ். வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்புமுன் உட்கார்ந்து நிம்மதியாகப் பேச அது ஓர் இடம். ஒரே கட்டுப்பாடு, கூட்டிப்போக வரும் கணவன்மார் வண்டியோடு கீழேயே நிற்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு வந்தவளை வாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் திடுக்கிட வைத்தது. அவளோடு சேர்ந்து அறையைத் தொடங்கிய வங்கி அதிகாரி கிருபாவதியின் கணவர் ஜேசுராஜ், 'தலைவர்' என்ற பட்டத்தோடு அதில் கைகூப்பி நின்றார்.

மாடியேறியதும், "என்ன கிருபா இது?" என்றாள்.

"கோவப்படாதீகக்கா. ஆம்பளை ஒருத்தர் முன்னால நின்னாத்தான் அனுப்புவோம்னு வீடுகள்ல சொல்றாக. எல்லாருமாச் சேந்துதான் முடிவெடுத்தோம்."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"சொன்னா விட்டிருப்பீகளா? வக்கீலுகிட்ட வாயக் குடுத்து யாரு ஜெயிக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் ஜேசுராஜ் படியேறி வந்துவிட்டார். "ஏன் மேடம் அங்கனயே நிக்கிறீக? கூச்சப்படாம வாங்க, நம்ம இடந்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மெஹராஜ் உட்காரவில்லை. தன்னிடமிருந்த அறைச் சாவியைக் கிருபாவதியின் கையில் வைத்துவிட்டு இறங்கினாள். அடுத்த மாதமே தேனியை விட்டு, உத்தமபாளையம் கோர்ட்டுக்குத் தொழிலை மாற்றிக்கொண்டாள்.