வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

யுத்தம் முடிந்த சமயம். சாந்தோம் பக்கம் சம்பளம் கட்ட வேண்டாத ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். வருஷக் கடைசியில் மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எந்தச் சமூகத்தில் எத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், தேறாததற்குக் காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். காரணத்துக்கு இரண்டு விரற்கடை இடம். என் கையெழுத்து பொடி என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

மயிலாப்பூர்த் தெருப் பெண்கள், எங்களைப் போன்ற மாதாகோயில் குடும்பத்துப் பெண்கள், உருது பேசும் தையல்காரர் வீட்டுப் பெண்கள், நொச்சிக்குப்பத்துப் பெண்கள் என்று எல்லோரும் படித்தார்கள். படிவத்தில் வருஷா வருஷம் குப்பத்து வரிசைதான் கடைசி. அதற்குக் காரணமாக நான் எழுதுவதும் வருஷா வருஷம் ஒன்றுதான்: "கவனம் போதாது." மூன்றாம் வருஷம் யோசிக்கக்கூட இல்லை, முந்தின வருஷத்து நகலைப் பார்த்து எழுதிவிட்டேன்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு குப்பத்துப் பெண் இருந்தாள். வாய்க்கணக்கு கேட்டால் நான் வாயை மூடுமுன் விடை வரும். டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சை தேறினால் போதும், பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். வகுப்பில் யார் தேறினார்கள், அந்தப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்பதையெல்லாம் வாராந்தரத் தேர்வு மார்க்கைப் பார்த்துத்தான் பெரிய டீச்சர் முடிவு செய்வார்.

வாராந்தரத் தேர்வு வெள்ளிக்கிழமை காலையில். படிவ வேலை என் தலையில் விழுவதற்கு முன்பு மதியம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தையல்காரர் ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெரிய டீச்சர் உடனே காலைக்கு மாற்றினார். நியாயமான காரியம்தான். குப்பத்திலிருந்து யாரும் எதுவும் கேட்டு வந்ததில்லை.

குப்பத்துப் பெண்கள் பலர் வெள்ளிக்கிழமை வரமாட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு முக்கால்வாசி வெள்ளிக்கிழமை வயிற்றுவலி. ஏன் வரவில்லை என்று சனிக்கிழமை கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "வயித்துவலி டீச்சர்" என்பாள். "வெள்ளிக்கிழமைன்னா வயிறு சரியா மணி அடிச்சிடுதோ?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் பெயரை விட்டுவிட்டுப் பட்டியல் தயாரானது. "கெட்டிக்காரி, பரீட்சைன்னா பயப்படுறா" என்று பெரிய டீச்சரிடம் நானே சொல்லி, கையெழுத்தும் போட்டேன். படிவமும் பட்டியலும் ஒரே உறையில் வியாழக்கிழமை தபாலில் போயின.

மறுநாள் எனக்கு ஜுரம். பள்ளி நாட்களில் எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிற நான் அன்று வீட்டில் படுத்திருந்தேன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது. மீன் ஆகலாம். அதனால் வெள்ளி தவறாமல் மீன் குழம்பு. மாலையில் வந்து சாப்பிடுகிறவளுக்கு அந்த மீன் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. ஒன்பது மணிக்கு வாசலில், "அம்மா, சங்கரா கீது, பாக்குறீங்களா?" என்று ஒரு குரல். வாய்க்கணக்குக்கு விடை சொல்லும் அதே குரல்.

எழுந்து போனேன். கூடையை இறக்கி வைத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பது போலவே.

"இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லியா?"

"உனக்கு வயித்துவலி இல்லையா?" என்றேன்.

மீன் பார்க்க வந்து நின்ற என் அம்மாவை அவள் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம மத்த ஜனம் கவிச்சி தொடமாட்டாங்க டீச்சர், சாயபு வூட்ல கறிதான். ஒங்காளுங்க தெரு ரெண்டுதான் ஏவாரம். எங்கம்மா ஒரு தெரு, நான் ஒரு தெரு. லேட்டா வந்தா வேற ஆளு வித்துட்டுப் பூடுவாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க மீன் வாங்கறத நிறுத்திடுவீங்கன்னு எங்கம்மா சொல்லிச்சு."

அவளைத் தேர்வு எழுதவிடாமல் செய்த வெள்ளிக்கிழமையை நான் வாரா வாரம் சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

ஜுரம் விட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "போன காகிதத்தை எப்படிம்மா திருப்புறது?" என்றார். அன்று மதியமே டிராம் ஏறி, உறை போன ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் எழுதட்டுமே" என்றார். அவள் அம்மாவிடமும் அதையே போய்ச் சொன்னேன். "இன்னொரு வருஷமா? யாரு தாயி ஒக்கார வெச்சு சோறு போடறது?" என்று அந்த அம்மா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

அடுத்த வருஷம் தேர்வைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதே பெண்கள், அதே டீச்சர்கள். குப்பத்து வரிசை நடுவுக்கு ஏறிவிட்டது. பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், குப்பத்துப் பெண்களுக்குக் கவனம் கூடியிருக்கிறது என்று எழுதி, என்னையும் பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன், மறுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. அவள்தான் வந்தாள், இப்போது இரண்டு தெருவும் அவளுடையது. அம்மா மீன் எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கேட்டாள்.

"அன்னிக்குக் காயிதத்துல எங்களப் பத்தி இன்னா டீச்சர் எழுதினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "கவனம் போதாதுன்னு எழுதினேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மீனை ஓலையால் மூடிக்கொண்டே, "நெசந்தான் டீச்சர். வெள்ளிக்கெழமயில கவனம் பூரா ஒங்க தெருவுலதான இருந்திச்சு" என்றாள். பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஒரு கை புடிங்க டீச்சர்" என்றாள்.

நான் குனிந்து கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.