திருப்பாதிரிப்புலியூரில் தின்ற சோறும் சிதம்பரத்தில் தொடாத பஜ்ஜியும்

போன தை மாதம், என் அறுபத்தோராவது வயதில், முதன்முறையாக வெளிநாடு போனேன். மலேசியாவில் எங்கள் ஊர்க் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல்கள் அத்தனையையும் கரையில் நின்றே வழியனுப்பி வைத்தவன் நான். ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கால் வைத்ததுகூடக் கிடையாது. குடிநுழைவு அதிகாரி என் கடவுச்சீட்டைத் திறந்தபோது, அதன் புதுப் புத்தக வாசனையில் அவருக்குத் தொடர்ந்து ஒன்பது தும்மல் வந்தது. என் அக்காள் இதை நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

போனது எனக்காக இல்லை, அக்காள் மகன் சரவணனுக்குப் பெண் தேடி. அவனுக்கு வயது முப்பத்தாறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வீடு அளவுள்ள இரும்புப் பெட்டியை முட்டையை வைப்பது போல வைப்பான். ஆனால் வாயிலிருந்து நாலு வார்த்தையை எடுத்து வெளியே வைக்க அவனால் ஆகாது. உள்ளூரில் பார்த்த பெண்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில் சொன்னார்கள்: "நல்ல மனுஷன்தான். பேசவே மாட்டேங்கிறாரே." அவனுக்குப் பேச வேண்டிய தேவையே வந்ததில்லை. அவனுக்காக அக்காள் பேசுவாள். அக்காள் இல்லாத இடத்தில் நான் பேசுவேன். எங்கள் குடும்பத்தில் இதற்குப் பாசம் என்று பெயர்.

கடலூர்ப் பக்கத்துத் தரகர் கோதண்டம் என்பவரை இணையத்தில் பிடித்தோம். இரண்டு இடம் கைவசம் இருப்பதாகச் சொன்னார். அக்காளுக்கு முழங்கால் வலி என்பதால் தூதுக்குழுவின் தலைமைப் பொறுப்பு என் தோளில் விழுந்தது.

உங்களில் யாராவது இதே வேலையாகப் போவதென்றால், விசாவை இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. போக வர எங்களுக்கு ஆளுக்கு எண்ணூற்று ஐம்பது வெள்ளி, அதாவது எங்கள் ரிங்கிட், ஆனது. பறக்கும் நேரம் நாலு மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். போன நேரத்தை இப்படித் திருப்பிக் கொடுக்கும் வசதி வேறெங்கும் கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது.

திருச்சியிலிருந்து சிதம்பரத்துக்கு வாடகைக் கார், மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஓட்டுநர் பாபு குமராட்சிக்காரர். கும்பகோணத்தில் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் வழக்கம்போல, "மூணு தே" என்று குரல் கொடுத்தேன். நாங்கள் தேநீரை அப்படித்தான் சொல்வோம்.

"சார், எனக்குக் காபி. கும்பகோணம் வந்துட்டு யாராவது டீ குடிப்பாங்களா?" என்றார் பாபு.

"எங்கள் இருவர் நரம்பிலும் ஓடுவதே தேதான் தம்பி. குத்தினால் பால் கலந்துதான் வரும்" என்றேன். பாபு சிரித்தார். சரவணன் பேசாமல் குடித்தான்.

கொள்ளிடத்தைத் தாண்டி, பாபுவின் ஊரையும் தாண்டி, சாயங்காலம் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். தெற்கு வீதிப் பக்கம் விடுதி, நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு. வெந்நீர் வரும். எப்போது வரும் என்பது நடராஜருக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் முதல் இடம், திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பேருந்தே போதும், நாங்கள் பகட்டுக்காகப் பாபுவின் காரில் போனோம். தரகர் வரவில்லை. தை மாதத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு ஏழு வீடாம். "நீங்க போய்ப் பாருங்க மாமா, நா போன்ல இருக்கேன்" என்றுவிட்டார்.

கோயில் தேரடியைத் தாண்டி, பாத்திரக் கடைக்காரர் ஒருவரின் வீடு. பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. அவள் தரையைப் பார்த்தாள், சரவணன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தான். அதில் இருந்த பிள்ளையார் மட்டும்தான் எல்லாரையும் பார்த்தார். பொருந்தாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. எழுந்தோம். பெண்ணின் தகப்பனார் கைகூப்பி, "இருந்து சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

"அதற்கென்ன, போடச் சொல்லுங்கள்!" என்றேன்.

ஒரு கணம் வீடே நின்றது. பிறகு உள்ளே பாத்திரம் உருண்டது, பெண்கள் சிரித்தார்கள், யாரோ வாழை இலைக்கு ஓடினார்கள். நான் சோழ சாம்ராஜ்யத்தின் களஞ்சியத்தையே காலி செய்வது போலச் சாப்பிட்டேன். ரசத்தை மட்டும் மூன்று தடவை. பாத்திரக் கடைக்காரர் பக்கத்தில் நின்று, கண்ணெல்லாம் கலங்கி, தாமே நெய் ஊற்றினார். என்ன மனுஷன், என்ன உபசாரம் என்று நானும் கலங்கினேன்.

திரும்பும்போது புதுச்சத்திரம் அருகே தரகரின் அழைப்பு.

"மாமா, அந்த வூட்ல சாப்ட்டீங்களா?"

"சாப்பிட்டோமே! ரசமாய்யா அது!"

"அட போங்க மாமா! பொண்ணு பாக்கப் போன எடத்துல யாராவது சோறு துன்னுவாங்களா? கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். அவுங்க மரியாதைக்குக் கேப்பாங்க. நீங்க 'இன்னொரு நாள் ஆவட்டுங்க'ன்னு கெளம்பிடணும். அங்க அவரு மண்டபத்துக்கு போன் போட்டுக்கினு இருக்காரு!"

பாபு வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். சரவணனைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நானே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். பெண்ணின் தகப்பனார் கோபப்படவில்லை. "தெருவே பாத்துதுங்க நீங்க சாப்ட்டத. பரவால்ல, வையிங்க" என்றார். அந்த ரசம் அதன் பிறகு என் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

இரவு தரகர் மறுபடி எச்சரித்தார்: "நாளைக்காவது சூதானமா இருங்க மாமா. பேசி முடிக்கிற வரைக்கும் சாப்பாடு கூடாது." நான் சபதமே செய்தேன். பீஷ்மர் என் சபதத்தைக் கேட்டிருந்தால் தம்முடையதை வாபஸ் வாங்கியிருப்பார்.

இரண்டாவது இடம் சிதம்பரத்திலேயே, கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். தகப்பனார் இல்லாத வீடு. அம்மா, ஒரு சித்தப்பா, துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள். பெண் கௌசல்யாவுக்கு முப்பத்தொரு வயது. முன்னறையிலேயே இரண்டு தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அவள் தரையைப் பார்க்கவில்லை. நேராகச் சரவணனைப் பார்த்து, "கிரேன் மேல ஏறுனா, கீழ இருக்கறவங்கல்லாம் எறும்பாட்டம் தெரிவாங்களா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சரவணன், "எறும்பாவது நடக்கும். இவங்க போனப் பாத்துக்கிட்டு நின்ன எடத்துலயே நிப்பாங்க" என்றான்.

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் நாற்காலியிலிருந்து விழாமல் இருந்தது முன்னோர் செய்த புண்ணியம். சித்தப்பாவே, "தனியா பேசறதுன்னா பேசுங்க தம்பி" என்று இருவரையும் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு அனுப்பினார். கால் மணி நேரம் பேசினார்கள். கிள்ளானில் ஒரு வருடத்துக்கு அவன் செலவழிக்கிற பேச்சு அது. திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்ததும், அக்காளிடம் போனில் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்தேன்.

அப்போது தட்டு வந்தது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. கௌசல்யாவே எடுத்து வந்து வைத்தாள். பின்னால் அவள் அம்மா டம்ளர்களோடு வந்தார். சரவணன் பஜ்ஜியை நோக்கிக் கையை நீட்டினான்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

பிடித்ததோடு விட்டேனா? எழுந்து நின்றேன். இடது கையில் மருமகன் மணிக்கட்டு, வலது கை நெஞ்சில். "மன்னிக்க வேண்டும் தாயே! நாங்கள் இங்கே எதையும் தொட மாட்டோம்!" என்று முழங்கினேன்.

"பலகாரந்தாங்க. காபியாவது குடிங்க" என்றார் அந்த அம்மா.

"வேண்டாம் தாயே."

"தண்ணியாவது..."

"ஒரு சொட்டுக்கூட வேண்டாம்!"

முடிதுறந்த மன்னன் போல நின்றேன். நேற்றைய பிழைக்குப் பிராயச்சித்தம் செய்கிறோம், நம் பண்பாட்டைப் பார்த்து இந்த வீடே உருகப் போகிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கௌசல்யா குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு வெளியே வரவில்லை.

விடுதிக்கு வந்து சேருவதற்குள் தரகர் போனில் பிடித்துவிட்டார். "என்னா மாமா நீங்க! சாப்டக் கூடாத வூட்ல மூணு ரவுண்டு போட்டீங்க, இங்க தண்ணிகூடத் தொடலயாமே! கூடாதுன்னு சொன்னது சோறு மாமா. பஜ்ஜி, காபி எல்லாம் சாப்ட்டே ஆவணும். தண்ணிகூட வாங்காம வந்தா, ஒங்க வூட்டுத் தண்ணி எங்களுக்கு ஆவாதுன்னு மூஞ்சியில சொன்ன மாரி. அந்தம்மா அழுதுக்கினு இருக்காம்."

சரவணன் கட்டிலில் உட்கார்ந்து தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஓடினோம். அந்த அம்மா வாசலில் நின்றார். "எங்க கையால தண்ணி வாங்கக் கூடாதவங்களா நாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். கீழே வைக்காமல் முழுச் சொம்பையும் குடித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன், திருப்பாதிரிப்புலியூர் ரசத்தையும் சேர்த்து. கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் இளகியது. கடைசியில் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தேவிட்டார். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தைத்துக்கொண்டிருந்த கௌசல்யா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மாமா, ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. தெரியாம செஞ்சீங்க. ஆனா இவரு கைய நீட்டுனாரு, நீங்க புடிச்சீங்க. அப்படியே வுட்டுட்டாரு. 'வுடுங்க மாமா, நான் சாப்புடறேன்'னு ஒரு வார்த்த சொல்லல. நா கடல் தாண்டி ஒரு வூட்டுக்கு வந்தா, எனக்குன்னு வாயத் தொறக்க அங்க இவரு ஒருத்தருதான இருப்பாரு? ஒரு பஜ்ஜிக்கே தொறக்கலயே."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவள் விடவில்லை. "கெணத்தாண்ட நல்லாத்தான் பேசுனாரு. காபின்னா உசுருன்னாரு. அதுக்குன்னு தூள் வாங்கியாரச் சொல்லிப் போட்டு வச்சேன்."

"காப்பியா? இவனுக்கா?" என்றேன்.

"பாத்தீங்களா" என்றாள் அவள்.

திரும்பிச் சரவணனைப் பார்த்தேன். இதுதான் தருணம் என்று அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அவள்கூடக் காத்திருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவன் உதடு அசைந்தது. பிறகு, சின்னப் பிள்ளையிலிருந்து செய்த பழக்கமாக, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தான்.

கௌசல்யா மறுபடி இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள்.

மிச்சமிருந்த ஒரு நாளில் பிச்சாவரத்தில் படகு சவாரி செய்யலாம் என்றார் பாபு. போகவில்லை. அதனால் அந்தக் கட்டண விவரம் என்னிடம் இல்லை, மன்னிக்கவும்.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தை மாதத்தில் தரகரை நம்பாதீர்கள். வீட்டுக்குள் கூடவே வருகிறவராகப் பிடியுங்கள். தட்டில் வருகிற பலகாரத்தையும் காப்பியையும் வாங்கிச் சாப்பிடுங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். சோற்றுக்கு அழைத்தால் "இன்னொரு நாள் ஆகட்டும்" என்று கைகூப்புங்கள். கார் வேண்டாம், பேருந்து நன்றாகவே இருக்கிறது. விடுதியில் வெந்நீரை விடியற்காலையிலேயே பிடித்து வையுங்கள். முடிந்தால் மாமாவை ஊரில் விட்டுவிட்டுப் போங்கள். மாமா வந்தே தீருவேன் என்றால், வாசலில் செருப்புக்குக் காவல் வையுங்கள். அந்த வேலையை அவர் பிரமாதமாகச் செய்வார்.

திரும்பும் விமானத்தில், பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். "ரெண்டு தே" என் தொண்டைவரை வந்துவிட்டது. சரவணன் பழக்கப்படி என் பக்கம் திரும்பினான். நான் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே மேகம்தான் இருந்தது. உலகத்தில் அதைவிட முக்கியமான காட்சி இல்லை என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காப்பி" என்றான்.

விமான இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து இன்னொரு முறை கேட்டாள். அவன் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.