மேப்பில் மூடிய வீடு

கணவர் இறந்தபின் அனிட்டா காரட் கழுவும் கூலிவேலைக்குப் போனார். பிறகு அதை விட்டுவிட்டு, மன்னவனூர் வீட்டின் இரண்டு அறைகளை, முதுகுப்பையோடு வரும் இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டார். பெயர்ப்பலகை கிடையாது, தேவைப்படவும் இல்லை. தங்கிப்போன ஒருவர் வீட்டை மேப்பில் ஏற்றினார், இன்னொருவர் பூண்டுக் குழம்பைப் புகழ்ந்து எழுதினார். அதைப் படித்தவர்கள் தேடி வந்தார்கள்.

பெரிய வெள்ளியன்று அவர் அடுப்பு மூட்டுவதில்லை. இந்த ஆண்டும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சிலுவைப் பாதைக்குப் போனார். அன்று வந்து பூட்டைப் பார்த்த யாரோ, 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று மேப்பில் தட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மே மாதம் முழுக்க ஒருவரும் வரவில்லை. கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் தம்பி டெனிஸ்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான். திருத்தப் போனால், பெயர்ப்பலகையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது மேப். பலகை எழுதி மாட்டி, எடுத்து அனுப்பினான். ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது.

"ஏலே, அங்க யாராச்சும் ஆளு இருப்பாங்கல்ல? பேசிப் பாரேன்."

"ஆளே கெடையாதுக்கா. பட்டன்தான் இருக்கு."

தாலுகா ஆபீசில் நியாயம் கிடைக்காவிட்டாலும், நின்று கத்துவதற்கு ஒரு மேசையாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. ஒருத்தியின் பிழைப்பை முகம் தெரியாத ஒரு விரல் அழிக்கலாம். அவள் உயிரோடு எதிரில் நின்றாலும் அது சாட்சி ஆகாது.

போன வாரம் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வாசலில் நின்றார்கள். அனிட்டா ஓடிவந்தார்.

"ஆன்ட்டி, க்ளோஸ்டுன்னு காட்டுதே?"

"தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க, கொழம்பு கொதிக்குது."

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். இளைஞன் மறுபடி ஃபோனைப் பார்த்தான்.

"ஏன் மூடுனாங்கன்னு போடலையே. எதுக்கு ரிஸ்க்?" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான். இருவரும் நடந்துவிட்டார்கள். குறிசொல்பவரைக் கண்டால் சிரிக்கிற தலைமுறை இது. கண்முன் எரிகிற அடுப்பைவிட, கைக்குள் இருக்கும் குறியைத்தான் நம்பியது.

மறுநாள் வெள்ளனே அனிட்டா காரட் கழுவப் போனார். இப்போது தினமும் போகிறார். விறைத்த கையோடு அந்தியில் திரும்புகிறார்.

ஆனால் வீட்டைப் பூட்டுவதில்லை. யாராவது வந்து பூட்டைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.