பச்சைத் தூசி

செம்பாக்கம் ஏரிப் பக்கம் மூன்றாவது தெருவில் சவுரிமுத்துவின் வீட்டு ஜன்னல்கள் 2006 பிப்ரவரியிலிருந்து மூடியே கிடந்தன. தெருமுனையில் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு டிப்பர் லாரி செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். அடுத்தது அதைக் கிளப்பிவிட்டுப் போகும். சவுரிமுத்து தாம்பரத்தில் இன்ஷூரன்ஸ் கிளார்க். மனு எழுதுவதில் கை தேர்ந்தவர். சாலை கான்ட்ராக்டருக்கு ஒன்பது மனு எழுதி, ஒன்பது முறையும் ஒரே பதிலை வாங்கியிருந்தார்.

"இன்னா சார், பத்தாவது ரெடியா?" என்பார் எதிர்வீட்டு ஜெயவேலு. "மண்ணுக்கே ஒரு லெட்டர் போட்டுப் பாரு. அடங்கினாலும் அடங்கும்."

சவுரிமுத்து சிரிக்கமாட்டார். மகள் அன்சிக்கு ஒன்பது வயது, மூச்சிழுப்பு. வாரத்துக்கு இரண்டு முறை கிளினிக்கில் மருந்தை இழுக்க முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்காருகிறாள். இந்த மே மாதத்துக்குள் குறையாவிட்டால் ஜூனில் தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று மனைவி பிலோமினா முடிவுக்கு வந்திருந்தாள். டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுத அவள் எடுத்து வைத்த வெற்றுத் தாள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அவர் எழுதாத ஒரே மனு அது.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் செய்தார். துடைப்பத்தை எடுத்து வைத்துவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். வாரம் ஒருமுறை போர்வைகளை வெந்நீரில் அலசினார். அன்சியின் கரடி பொம்மை பீரோவுக்குள் போனது. ஜன்னல் இடுக்குகளில் பிளாஸ்டர் ஒட்டினார். இழுப்பு குறையவில்லை.

"ரோட்டை வெட்டி மூணு மாசம்கூட ஆகல. இவளுக்கு ரெண்டு வருஷமா இழுக்குதே?" என்றாள் பிலோமினா.

"அப்ப வேற ஏதாவது ரோடு வெட்டியிருப்பான்" என்றார் அவர்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, அன்சியின் அறையில் ஸ்டூல் போட்டு ஏறினார். மின்விசிறி இறக்கையைத் துணியால் துடைத்தால் தூசி படுக்கையில்தான் கொட்டும். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி உருவினால் உள்ளேயே தங்கிவிடும் என்று பிலோமினா வாரப் பத்திரிகையில் படித்திருந்தாள். அப்படியே செய்தார். கீழே இறங்கி உறையைப் புரட்டினார்.

தூசி சிவப்பாக இல்லை. பச்சையாக இருந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தப் பச்சை அவருக்குத் தெரியும். பக்கெட்டில் சாயம் கரைத்து, மரத்தூளைக் கொட்டிக் கிளறி, மொட்டைமாடியில் காயவைத்தது அவர் கைதான். வருடாவருடம் அவர் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலின் புல்வெளி அது. தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார்.

சிக்கல் அந்தத் தீர்த்தத்தில்தான் இருந்தது. தீர்த்தம் தெளித்து மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். வீட்டைச் சுற்றி சிமென்ட் தரை. எரித்தால் புகை அன்சிக்கு ஆகாது. அதனால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் வைக்கோலையும் மரத்தூளையும் சாக்கில் கட்டி லாஃப்டில் ஏற்றிவிடுவார். ஆறு வருடம், ஆறு சாக்கு. இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டை மாற்றி அமைத்தபோது அந்த லாஃப்டுக்குக் கீழேதான் அன்சியின் கட்டிலைப் போட்டார்கள்.

ஏறிப் பார்த்தார். சாக்குகளை எலி கடித்திருந்தது. விசிறிக் காற்று நேராக அங்கே போய்த் திரும்பியது.

பிலோமினாவும் ஏறிப் பார்த்து இறங்கினாள். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஸ்டூலைப் பிடித்தாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஆட்டோவில் சாக்குகள் கோவிலுக்குப் போயின. சாமியார் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துத் தும்மினார்.

"ஏம்பா சவுரி, நான் மந்திரிச்சது பாலன் இயேசு சுரூபத்தை. மாட்டுத் தீவனத்தையா மந்திரிச்சேன்?"

"அதுமேலயும் தீர்த்தம் பட்டுதே சாமி."

"உன் சட்டை மேலயும்தான் பட்டுச்சு. அதைத் துவைக்கலியா?"

இருந்தாலும் சாமியார், கோவிலுக்குப் பின்னால் தென்னங்கன்று வைக்கத் தோண்டியிருந்த குழியைக் காட்டினார். சவுரிமுத்து ஆறு சாக்கையும் கொட்டி மண்ணைத் தள்ளினார். வீட்டுக்கு வந்து லாஃப்டை மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தார். பிளாஸ்டரை உரித்து ஜன்னல்களைத் திறந்தார். லாரி வராத காலை நேரத்தில் மட்டும்.

மே மாதம் அன்சி ஒரே ஒருமுறைதான் கிளினிக்குக்குப் போனாள். ஜூன் முதல் திங்கட்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்கே பழைய பையோடு கிளம்பினாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்த தாளை பிலோமினா எடுத்து, நான்காக மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

அந்த டிசம்பரில் குடில் சிறியதாக இருந்தது. வைக்கோலுக்குப் பதில் மஞ்சள் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக அன்சி வெட்டிப் போட்டிருந்தாள். பார்க்க வந்த ஜெயவேலு குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், மாடு பேப்பர் துன்னுதா?"

"ஆமாம்பா" என்றார் சவுரிமுத்து. "எல்லாம் பழைய மனு."

சாமியார் தீர்த்தச் செம்போடு படியேறியபோது சவுரிமுத்து எழுந்து, பாலன் சுரூபத்தை மட்டும் கையில் எடுத்து, வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினார்.